குவாரி மூடிய ஊரில் கடை போடலாமா?

'கல்குவாரி வேலையை நம்பியிருந்தோம். குவாரியை மூடிவிட்டார்கள். நார்த்தாமலை, சித்தன்னவாசல் பார்க்க வருபவர்கள் எங்கள் ஊர் வழியாகப் போகிறார்கள். இருக்கும் ஒன்றரை ஏக்கரில் அரை ஏக்கரை விற்று, சாலையோரம் கடையும் தங்கும் அறைகளும் கட்டலாம் என்கிறான் மகன். செய்யலாமா?'

- வாசகி, குளத்தூர் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

கடை போடுங்கள். நிலத்தை விற்காதீர்கள்.

1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்க காலத்தில், கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரியைக் குத்தகைக்குக் கொடுத்த மாவட்டம் உங்களுடையது. கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. மாதவாரியாகப் போட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டம் வராது. பொங்கல் விடுமுறையில் வரும். ஆனால், அதுதான் சம்பா அறுவடை நேரம். வீட்டிலுள்ள எல்லோரும் கடையில் நின்றால், வயலில் நெல் கொட்டிப்போகும்.

உங்களுக்குத் தோதான மாதம் பங்குனி. அறுவடை முடிந்திருக்கும். நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு ஜனம் திரளும். கிணற்றில் தண்ணீர் இருந்தால், தை மாதக் கடைசியில் பத்து சென்ட்டில் வெள்ளரி விதையுங்கள். பங்குனியில் பிஞ்சு விற்கலாம். வரப்பில் பனை இருந்தால் நுங்கு. பாக்கெட் தின்பண்டம் வாங்கி விற்பதைவிட இதில் கையில் காசு நிற்கும். இதற்கு ஒரு கீற்றுப் பந்தல் போதும்.

அறை கட்டும் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். விஜயாலய சோழீஸ்வரமும் சித்தன்னவாசலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்கு முன்அனுமதி வேண்டும். உங்கள் இடம் எதில் வருகிறது என்று தெரியாமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

கோவாவில் 2012-லும் 2018-லும் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் நின்றபோது, கடனில் லாரி வாங்கிய கிராமத்தவர்கள் தவித்துப்போனார்கள். சுற்றுலாவும் அப்படி நிற்கக்கூடியதுதான். 2020 மார்ச்சில், சரியாகப் பங்குனி பிறந்த சமயம், கொரோனாவால் நாடு முழுக்க இந்தச் சின்னங்களை மூடினார்கள். அப்போது அறை கட்டியவருக்கு வட்டி மட்டும் ஓடியது. நிலம் வைத்திருந்தவர் வீட்டில் நெல்லாவது இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று. மூடிய குவாரியில் தண்ணீர் தேங்கியிருக்கும். படம் எடுக்கிறேன், குளிக்கிறேன் என்று வெளியூர்ப் பிள்ளைகள் இறங்குவார்கள். செங்குத்தான பாறை, இறங்கினால் ஏற வழியிருக்காது. ஜனவரி 26 கிராம சபையிலேயே வேலி கேட்டு மனு கொடுங்கள். பங்குனிக்குள் வேலி வந்தாக வேண்டும்.