புதிய இணைப்புக்காகப் பழைய ஒலிக்கருவியை மாற்ற வேண்டுமா?

துர்கா பூஜை நெருங்கும் வாரங்களில் பெஹாலாவின் டைமண்ட் ஹார்பர் சாலைக் கடைகளில் தள்ளுபடி அறிவிப்புகள் பெருகும். போனஸ் கைக்கு வரும் காலமும் அதுவே. புதிய தொலைக்காட்சி வாங்கச் செல்வோரிடம் இப்போதெல்லாம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: “வீட்டிலுள்ள ஹோம் தியேட்டரில் எச்டிஎம்ஐ இணைப்பு இருக்கிறதா?” இல்லை என்றால், அது காலாவதியாகிவிட்டது, முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்ற அறிவுரை தொடரும். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் சேமிப்பிலிருந்து வாங்கி, இன்றும் பழுதின்றி ஒலிக்கும் கருவியை இந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்கலாமா? பெரும்பாலான இல்லங்களில் ஒதுக்கத் தேவையில்லை என்பதே நம் கருத்து.

இணைப்புகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒளியிழை வழியே ஒலியை அனுப்பும் ஆப்டிகல் இணைப்பை டோஷிபா நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்தியது. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் அனுப்பும் எச்டிஎம்ஐ தரநிலை 2002 டிசம்பரில் வெளியாயிற்று. தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பி வழியாக ரிசீவருக்குத் திருப்பியனுப்பும் ஏஆர்சி வசதி 2009இல் சேர்ந்தது. அதன் விரிந்த வடிவமான ஈஏஆர்சி 2017இல் வந்தது. ஒவ்வொரு படியிலும் கம்பியின் கொள்ளளவு கூடியது என்பது உண்மை. ஆனால் அந்தக் கொள்ளளவை நிரப்பும் ஒலி நம் வீட்டுக்கு வருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இன்று பெரும்பாலோர் திரைப்படம் பார்ப்பது இணையத் தளங்கள் வழியாகத்தான். நெட்ஃபிளிக்ஸ் 2019இல் தன் ஒலித்தரத்தை உயர்த்தியபோது 5.1 ஒலிக்கு வகுத்த உச்ச அளவு நொடிக்கு 640 கிலோபிட். டால்பி அட்மாஸ் ஒலிக்கு 768 கிலோபிட். ஈஏஆர்சி இணைப்போ நொடிக்கு ஏறத்தாழ 37 மெகாபிட் வரை தாங்கும். வருவதைப்போல ஏறக்குறைய 48 மடங்கு ஏற்கக்கூடிய வழி அது. பழைய ஆப்டிகல் இணைப்பும் 640 கிலோபிட் டால்பி டிஜிட்டல் ஒலியைத் தடையின்றிக் கொண்டு செல்லும். இணையத்திலிருந்து வரும் ஒலியைப் பல தொலைக்காட்சிகள் அந்த வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. அந்த மாற்றத்தில் ஏற்படும் இழப்பு சாதாரணக் கூடத்தில் காதுக்குப் புலப்படுவது அரிது.

பின் ஸ்பீக்கர்கள் மௌனமாக இருக்கின்றன என்று குறைப்படுவோர், கடைக்குச் செல்லுமுன் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பைத் திறந்து பார்க்கவேண்டும். ஆப்டிகல் வெளியீடு ‘பிசிஎம்’ என்று இருந்தால் இரண்டு சேனல் ஒலி மட்டுமே செல்லும். அதை ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என மாற்றினால் ஐந்து ஸ்பீக்கர்களும் விழித்துக்கொள்ளக்கூடும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

புதிய இணைப்பு உண்மையிலேயே பயன்தரும் இடங்களும் உண்டு. புளூ-ரே தட்டுகளில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி போன்ற இழப்பற்ற ஒலியை ஆப்டிகல் கம்பி கொண்டு செல்ல இயலாது. தட்டுகளைச் சேகரித்துக் கேட்கும் ரசிகருக்கு எச்டிஎம்ஐ ரிசீவர் நியாயமான செலவே. 2012இல் முப்பரிமாணப் படமாக மீண்டும் வந்த ‘சிவாஜி’ வழியாகத் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமான அட்மாஸ் ஒலிக்கும் புதிய ரிசீவர் வேண்டும். ஆனால் கூரையிலிருந்து ஒலி இறங்குவதற்கான ஸ்பீக்கர்களும் அவற்றை அமைக்க இடமும் இல்லாதவர், ரிசீவரை மட்டும் மாற்றிப் பெறுவது சொற்பமே. ஒரே ரிமோட்டில் எல்லாம் இயங்குவது முதியோருக்கு நல்ல வசதி. அந்த வசதிக்காகச் செலவிடலாம். ஒலி மேம்படும் என்று நம்பிச் செலவிட வேண்டாம்.

ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பவை முதலில் ஸ்பீக்கர்களும் அறையுமே. கொல்கத்தாவின் வெப்பமும் ஈரப்பதமும் ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பிலுள்ள நுரை வளையத்தை நாளடைவில் உதிரச் செய்யும். அப்போது தாழ்ந்த சுருதி அதிர்ந்து கரகரக்கும். எந்த எச்டிஎம்ஐ கம்பியும் அந்தக் குறையைத் தீர்க்காது. வளையத்தை மாற்றினால் தீரும். 1970களிலிருந்தே இந்நகரில் பெயர்பெற்ற சோனோடைன் போன்ற ஸ்பீக்கர்கள் வீட்டில் இருப்போர், அவற்றைக் கழிப்பதற்குமுன் நல்ல பழுதுநீக்குநரிடம் காட்டுவது அறிவுடைமை. கல் பதித்த தரையும் வெற்றுச் சுவர்களும் ஒலியை எதிரொலித்துக் கலக்கும். தடித்த திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் வசனத்தைத் தெளிவாக்கும். ஆற்றல் மிகுந்த கருவிக்கும் அடுக்ககத்தில் வாய்ப்புக் குறைவு. ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்.

இனி, பணத்தைப் பற்றி. 60,000 ரூபாய் விலையுள்ள ரிசீவரை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 24 மாதத் தவணையில் வாங்கினால், மாதத் தவணை சுமார் 2,909 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 9,800 ரூபாய் ஆகும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தையும் எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்தியது. அந்த வட்டி, விட்டுக்கொடுக்கப்பட்ட தள்ளுபடியிலோ பரிசீலனைக் கட்டணத்திலோ மறைந்திருக்கக்கூடும். கடன் வழங்கும் வங்கியின் இதழில் இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வீடும் கல்வியும் போல நாள்பட நிற்கும் தேவைகளுக்குக் கடன் துணைநிற்கட்டும். சாக்கெட்டின் வடிவம் மாறியதற்காக அது வேண்டியதில்லை.

ஆகவே முடிவெடுக்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்வோம். இன்றைய ஒலியில் நமக்குப் புலப்படும் குறை யாது? அக்குறை இணைப்பால் வந்ததா, ஸ்பீக்கரால் வந்ததா, அறையால் வந்ததா? நாம் பார்ப்பவற்றுள் புதிய இணைப்பு தேவைப்படுபவை எத்தனை? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்து, அதன்பின் மாற்றுவோர் தயங்க வேண்டாம். பழையதைக் குப்பையில் போடாமல், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதும் அச்செலவின் ஒரு பகுதியே. விடை கிடைக்காதவர்கள் இந்தப் பூஜைக்குப் போனஸைச் சேமிப்பில் இட்டு, பழைய ஸ்பீக்கர்களிலேயே நல்ல இசை கேட்கலாம்.