உப்பளத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கியவரா? கணக்கை இன்றே எழுதுங்கள்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆரில் போனவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். பளிச்சென்ற உப்பளப் பாத்திகள், கரையில் குவித்த உப்பு. அவற்றைத் தாண்டியதும் மனைப்பிரிவு விளம்பரங்கள்: 'கடற்கரைக்கு அஞ்சே நிமிஷம், மாதத் தவணை வசதி உண்டு.' வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன இளைஞர்கள்தான் அந்தப் பலகைகளின் குறி.

அங்கே இடம் வாங்கலாமா, கூடாதா என்பது தனி விவாதம். என் கவலை, ஏற்கெனவே வாங்கியவர்கள் வைத்திருக்கும் கணக்கைப் பற்றியது. பலரிடம் கணக்கே கிடையாது. பத்திரம் பீரோவில் இருக்கும், பட்டா அப்பாவிடம் இருக்கும், மற்றதெல்லாம் 'விக்கும்போது பாத்துக்கலாம்'. ஆனால் விற்கும்போது கட்டவேண்டிய வரியின் பெரும்பகுதி, வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

'விவசாய நிலம் சார், வரியே இல்ல'

புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் எது கிராமப்புறம் என்பதைச் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் குறையாத பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அது கிராமப்புறம் அல்ல. எல்லைக்கு வெளியே என்றாலும், அந்த ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சம் வரை இருந்தால் 2 கி.மீ., பத்து லட்சம் வரை 6 கி.மீ., அதற்கு மேல் 8 கி.மீ. தாண்டியிருக்க வேண்டும். அதுவும் சாலைவழித் தூரம் அல்ல, நேர்கோட்டுத் தூரம். மரக்காணம் ஒரு பேரூராட்சி. மக்கள்தொகையும் பத்தாயிரத்தைத் தாண்டியது. எனவே ஊரை ஒட்டி வாங்கியவர்கள் இந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு விஷயம்: கடல்நீரைப் பாய்ச்சி உப்பு எடுப்பது வருமான வரிக் கணக்கில் விவசாயமே அல்ல. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலில் வெந்து செய்யும் வேலைதான். ஆனாலும் உப்பள வருமானத்துக்கு விவசாய வருமான விலக்கு கிடையாது. உப்பள நிலத்தை 'விவசாய நிலம்' என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். புஞ்சையாக இருந்து, அங்கீகாரம் பெற்று, கல் நட்டுப் பிரித்த மனைக்கும் விவசாய நிலம் என்ற வாதம் நிற்காது.

பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் யாருக்கு லாபம்?

பத்து லட்சத்துக்கு ஒரு மனை. பத்திரத்தில் ஆறு லட்சம் போடுவோம், மீதி நாலு லட்சம் கையில் கொடுங்கள் என்கிறார் விற்பவர். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக நாலு லட்சத்துக்கு 36,000 ரூபாய் மிச்சம். சந்தோஷமாகத் தலையாட்டுகிறோம்.

சில வருஷம் கழித்து அதே மனை 15 லட்சத்துக்குப் போகிறது. வாங்க வருபவர் கடன் எடுப்பதால் முழுப் பணமும் வங்கி வழியேதான் வரும். உங்கள் உண்மையான லாபம் 5 லட்சம். காகிதத்தில் லாபம் 9 லட்சம். கையில் கொடுத்த நாலு லட்சத்துக்கு ஆதாரம் இல்லை, அதற்கும் 12.5% வரி. செஸ் சேர்த்து 52,000 ரூபாய். 36,000 மிச்சம் பிடித்து 52,000 கட்டுகிறோம். வரி மிச்சமானது முதலில் விற்றவருக்குத்தான். என் பார்வையில் இது வாங்குபவரின் தலையில் கட்டும் வேலை, 'ஊர் வழக்கம்' என்ற பெயரில் நடக்கிறது.

நிலத்துக்கான பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது என்ற விதியும் உண்டு. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம். நாளை விற்கும்போது பணம் வாங்கும் கை உங்களுடையது, மறந்துவிடாதீர்கள்.

12.5 சதவீதமா, 20 சதவீதமா?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம், வரி 12.5%. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய இடம் என்றால், பணவீக்கக் குறியீட்டைக் கழித்து 20% என்ற பழைய வழியில் வரும் வரியையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும் இந்த வாய்ப்பு.

2015-16-ல் 6 லட்சத்துக்கு வாங்கி, 2025-26-ல் 10 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். 12.5% வழியில் வரி 50,000. குறியீடு 254-லிருந்து 376 ஆனதால் பழைய வழியில் வாங்கிய விலை சுமார் 8.88 லட்சமாகிறது, வரி ஏறக்குறைய 22,400-தான். அதே மனை 15 லட்சத்துக்குப் போயிருந்தால் புதிய வழிதான் லாபம்: 1,12,500-க்கு எதிராகப் பழையதில் சுமார் 1,22,400. விலை மெதுவாக ஏறிய இடத்துக்குப் பழைய வழி, வேகமாக ஏறியதற்குப் புதியது. மரக்காணம் பக்கம் தெருவுக்குத் தெரு விலை மாறுகிறது, அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணைச் சொல்லும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளைக் கவனமாகப் படியுங்கள்.

மண் அடித்த செலவு

இது தாழ்வான நிலம். மழையில் தண்ணீர் நிற்கும், மண் அடிக்காமல் முடியாது. (2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவெளிக்குள் இடம் என்றால் பிரச்சினை வரி அல்ல, வேறு.) மண், சுற்றுச்சுவர், பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன் எல்லாவற்றையும் அடக்க விலையில் சேர்க்கலாம். ஆனால் லாரிக்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வந்தால், அந்த மண்ணோடு செலவும் புதைந்துபோகும். பில் வாங்கி, வங்கிவழியே கொடுத்து, அன்றே ஒரு எக்செல் ஷீட்டில் எழுதினால் போதும். அப்பாவிடமிருந்து வந்த மனை என்றால் அவர் வாங்கிய விலையும் தேதியும்தான் உங்கள் கணக்கு, அவருடைய பத்திர நகலையும் அதே ஃபைலில் வையுங்கள்.

மனைவி பெயரில் வாங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. நல்ல சலுகை. ஆனால் பணம் கணவருடையது என்றால், விற்ற லாபம் அவர் வருமானத்தோடு சேரும். அவர் பணம் எவ்வளவு, இவர் பணம் எவ்வளவு என்று வங்கிக் கணக்கில் பிரிந்து தெரிய வேண்டும்.

கடைசியாக, ஒரு மனை வாங்கி வைத்தவர் முதலீட்டாளர். வருஷத்துக்கு நாலு வாங்கி நாலு விற்பவரை வருமான வரித்துறை வியாபாரி என்று சொல்ல இடமிருக்கிறது. அப்போது 12.5% பேச்சே இல்லை, லாபம் முழுக்க அவரவர் வரி அடுக்கில் போகும். ஒவ்வொரு மனையையும் எதற்காக வாங்கினோம் என்று அதே ஷீட்டில் ஒரு வரி எழுதி வைத்தால், அந்தக் கேள்வி வரும்போது காட்ட ஏதாவது இருக்கும்.