மருந்துப் புட்டியில் சிறிது இரக்கம்

விவாகரத்து செய்தால் மனைவி மனமுடைந்து போவாள். அவ்வேதனையை அவளுக்குத் தருவதைவிட அவளைக் கொன்றுவிடுவதே மேல். 'மேரீட் லைஃப்' படத்தின் ஹாரி இப்படித்தான் முடிவெடுக்கிறான். முடிவெடுக்கும் வேளையில் அவன் முகத்தில் குரூரம் துளியும் இல்லை. நோயாளிக்குப் பத்தியச் சோறு ஆக்குபவனின் அக்கறையே தெரிகிறது. நாம் சிரிக்கத் தொடங்குவதும் அங்கேதான், அச்சிரிப்பு தொண்டையில் நிற்பதும் அங்கேதான்.

ஐரா சாக்ஸ் இயக்கிய இப்படம் 2007-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கதை நிகழும் காலம் 1949, களம் அமெரிக்கா. ஹாரியாகக் கிறிஸ் கூப்பரும், மனைவி பாட் ஆகப் பட்ரீசியா கிளார்க்சனும் நடித்துள்ளனர். ஹாரி காதலிக்கும் இளம் விதவை கே (ரேச்சல் மெக்காடம்ஸ்). அவளைக் கண்டதும் தானும் விரும்பத் தொடங்கும் நண்பன் ரிச்சர்டு (பியர்ஸ் பிராஸ்னன்) கதையைச் சொல்லிச் செல்கிறான். மூலநூல் ஆங்கிலேயரான ஜான் பிங்ஹாம் 1953-இல் எழுதிய குற்றப்புதினம். அமெரிக்காவில் அது 'தி டெண்டர் பாய்சனர்' என்ற பெயரில் வெளிவந்தது. 'மென்னெஞ்ச நஞ்சூட்டி' எனலாம். பிங்ஹாம் பிரித்தானிய உளவுத்துறையில் பணியாற்றியவர். அடுத்திருப்பவர் மனத்தை அறிவதே தொழிலாகக் கொண்ட ஒருவர், அறியவே முடியாத கணவன் மனைவியைப் பற்றி எழுதினார் என்பதை எண்ணுகையில் நமக்குப் புன்னகை வருகிறது.

இதே முடிச்சை வேறொரு விதமாக இட்ட படம் ஒன்றுண்டு. பியத்ரோ ஜெர்மியின் 'டைவர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' (1961). அன்றைய இத்தாலியில் விவாகரத்து இல்லை, 1970-இல்தான் வந்தது. ஆனால் கள்ள உறவில் பிடிபட்ட மனைவியை ஆத்திரத்தில் கொன்ற கணவனுக்கு, 'மானம் காத்தவன்' என்ற சலுகையில், 3 முதல் 7 ஆண்டுச் சிறைதான். அச்சட்டப்பிரிவு 1981 வரை நீடித்தது. சிசிலியப் பிரபு மனைவியைக் கொல்லத் திட்டமிடுவதற்கு முன், அவளுக்கொரு காதலனை ஏற்பாடு செய்ய அலைகிறான். அங்கே நகைப்புக்குரியது சட்டம். ஹாரிக்கோ அத்தகைய தடை இல்லை. மணமுறிவு எளிதாக இல்லாத காலம்தான் என்றாலும் நாட்டில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. அவனைத் தடுப்பது அவனுடைய இரக்கம் மட்டுமே.

இந்த இரக்கத்தை நாம் நம்பிவிடுகிறோம் என்பதே நம் கவலை. முதன்முறை பார்த்தபோது ஹாரிக்காக வருந்தினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காதலுக்கு ஏங்கும் நடுவயதுக்காரன், பாவம் என்றே தோன்றிற்று. இரண்டாம் முறைதான், பாட் தாங்கமாட்டாள் என்பதை நமக்குச் சொன்னவர் யார் என்று கேட்டுக்கொண்டோம். ஹாரிதான் சொன்னான். அவளைக் கேட்டுச் சொன்னானா என்றால் இல்லை. தான் இல்லாமல் ஒருத்தி வாழ முடியாது என்று எண்ணுவது இரக்கமா, இறுமாப்பா?

பாட் நன்றாகவே வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு காதலன் உண்டு! ஹாரியை விட்டு அவள் போகாததற்குக் காரணமும் அதேதான்: ஹாரி தாங்கமாட்டான். இதை நேரில் கண்டுவிட்ட ரிச்சர்டு வாய் திறப்பதில்லை. உண்மை தெரிந்தால் ஹாரி விடுதலை பெற்று கேயிடம் போய்விடுவானே! ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால் நஞ்சுக்கே வேலையில்லை. மருதத்திணை நடத்தும்போது மாணவர்கள் பரத்தையைப் பற்றியே கேட்பர். வாயில் மறுக்கும் தோழியின் பக்கம் அவர்களைத் திருப்புவதற்குள் மணியடித்துவிடும். அங்கே பிழை செய்தவன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான், முகத்துக்கு நேரே பேசப்படுகிறான். ஹாரியின் வீட்டில் எவரும் பேசுவதில்லை. ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இது திரையோடு நிற்கும் செய்தியன்று. நம்மோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் தம் நோயை மனைவியிடம் கடைசிவரை மறைத்தார். "அவள் தாங்கமாட்டாள் ஐயா" என்பார். நாமும் உடன்பட்டு மறைத்தோம். அதை நற்செயல் என்றே கருதினோம். அவர் மறைந்து சில மாதங்கள் கழித்து அந்த அம்மையார் நம்மிடம் கேட்டார்: "சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். வேறென்ன செய்திருப்பேன்?" நம்மிடம் விடை இல்லை.

படத்துக்கு வருவோம். கே மனம் மாறியதும், தான் வைத்த நஞ்சை மனைவி அருந்துமுன் தடுக்க ஹாரி வீட்டுக்கு விரைகிறான். அவ்வோட்டத்தில் நாம் இருக்கை நுனிக்கு வருகிறோம். அவள் பிழைக்க வேண்டும் என்பதைவிட, அவன் கொலைகாரன் ஆகிவிடக் கூடாது என்றே நம் மனம் பதைக்கிறது. இயக்குநர் நம்மை இப்படிச் சிக்கவைத்தது பெரிய திறமை. நம் மனக்குறை ஒன்றுதான். பாட் பிழைக்கிறாள், இல்லறம் தொடர்கிறது. பக்கத்தில் உறங்குபவரின் மனத்தை அறிந்தவர் யார் என்று இறுதியில் ரிச்சர்டு கேட்கிறான். யாரிடமும் உண்மை சொல்லாத ரிச்சர்டுக்கு ஏன் அக்கேள்வி? மருந்துப் புட்டியில் என்ன இருந்தது என்பதை அறியாமலே அன்றாடம் அதை எடுக்கக் கை நீட்டியவள் பாட். அவள் வாயால் இக்கதையைக் கேட்டிருந்தால் நாம் எந்த இடத்தில் சிரித்திருப்போம்?