சின்னத் திருத்தம், பெரிய பொறுப்பு



தோட்டத்தில் தண்டல் கொண்டுவரும் செய்தியெல்லாம் ஒரே மாதிரியா இருக்கும்? "நிரையில் தண்ணீர் நிற்கிறது" என்பது ஒரு செய்தி. "ஸ்டோரில் தீ" என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால், கேட்பவர் எதற்கு ஓடுவார்?

உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இப்படிச் செய்தி சொல்லும் வேலை ஓயாமல் நடக்கிறது. அதற்கு அடித்தளமான மென்பொருள் லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உள்ளே நடப்பதை அது வரிவரியாக எழுதி வைக்கும். அந்த வரிகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் பேராபத்து, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 பழுது தேடுகிறவருக்கான குறிப்பு.

எச்சரிக்கை எழுத அந்த நிரலில் நெடுங்காலம் இரண்டு பெயர்கள் இருந்தன: 'பிஆர் வார்னிங்', 'பிஆர் வார்ன்'. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். 2019-இல் நீளமான பெயரைக் களையத் திருத்தங்கள் அனுப்பப்பட்டன. ஒரே மூட்டையாக அல்ல. பகுதி பகுதியாக, அந்தந்தப் பொறுப்பாளர் படித்துப் பார்க்கும்படி.

பெயர் மாற்றத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. எச்சரிக்கை தவறிப்போய்த் தகவல் படிக்கு இறங்கிவிட்டதா? வரி முடிவுக் குறி விடுபட்டதா? எந்தக் கருவி பழுது என்ற பெயர் வரியில் இருக்கிறதா? செய்தியைத் திருத்துகிற சாக்கில் வேலை செய்யும் முறையிலும் கை வைத்துவிட்டார்களா? இவற்றை ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் ஒரு மருத்துவமனைக் கணினி நின்றுபோனால், பழுது பார்ப்பவர் தேடுவது இந்த வரிகளைத்தான். எந்த நிரை என்று சொல்லாமல் "மரம் விழுந்தது" என்றால் யாருக்கு என்ன பயன்?

அதனால்தான், நன்றாக ஓடும் பழைய நிரலில் அழகுக்காக மட்டும் செய்யும் திருத்தத்தைச் சில பொறுப்பாளர்கள் ஏற்பதில்லை. அதுவும் நியாயமே.

பெற்றோர்களே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? இந்த நிரல் யாரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. திருத்தம் அனுப்புகிறவரின் சாதியையோ தகப்பனார் தொழிலையோ யாரும் கேட்பதில்லை. 2004 முதல், திருத்துகிறவர் தம் பெயரை எழுதிப் பொறுப்பேற்கும் வழக்கம் உண்டு. சரிபார்த்தவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பலருக்கு இப்படிப்பட்ட சின்னத் திருத்தமே முதல் படி.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறந்தது. அதன் வாசலுக்குள் நம் பிள்ளைகள் இயந்திரத்தருகே நிற்க மட்டும் போக வேண்டுமா? நிரல் எழுதவும் போகலாம். மகனோ மகளோ கணினி முன் அமர்ந்து பிறர் எழுதிய வரிகளைப் பொறுமையாகப் படித்தால், பொழுதைப் போக்குவதாக எண்ணி விரட்டாதீர்கள். "எங்கே, எனக்கும் சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள்.