ஸ்தாஜோனே: நிற்காமப் போற ரயில்

விவால்டியோட 'லெ குவாத்ரோ ஸ்தாஜோனி' கேட்டிருப்பீங்க. 1725-ல அச்சான நான்கு பருவங்கள். அதே பேர்ல பீட்ஸாவும் உண்டு :-) ஒருமையில சொன்னா 'ஸ்தாஜோனே', அதாவது பருவம்.

நாம சொல்ற 'சீசன்' இதுக்குத் தம்பின்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். தப்பு! சீசன் வந்தது லத்தீன்ல 'விதைப்பு'ன்னு பொருள்படற 'சாட்டியோ'விலிருந்து. ஸ்தாஜோனே வந்தது 'ஸ்டாட்டியோ'விலிருந்து. அதுக்கு அர்த்தம் நிற்பது, தங்குமிடம். ரயில்வே ஸ்டேஷனும் அதே வயித்துல பிறந்ததுதான். வடமொழி வழியா நம்மகிட்ட வந்த ஸ்தலம், ஸ்தானம் எல்லாம் ஒண்ணுவிட்ட சொந்தம்.

நிற்க. (இந்த வார்த்தை இன்னிக்குத்தான் சரியான இடத்துல விழுந்திருக்கு!)

ஆக, இத்தாலியனுக்குப் பருவம்ங்கறது காலம் வந்து நின்னுட்டுப் போற ஒரு நிறுத்தம். பக்குவமான சீஸை 'ஸ்தாஜொனாத்தோ'ம்பாங்க. பார்மிஜானோ சீஸ் குறைஞ்சது 12 மாசம் அலமாரியில சும்மா கிடக்கணும். அவசரப்பட்டா ருசி வராது.

அங்க பெரியவங்க அடிக்கடி சொல்ற ஒரு புலம்பல் உண்டு: "இப்பல்லாம் 'மெட்ஸா ஸ்தாஜோனே'யே இல்லைப்பா." கோடைக்கும் குளிருக்கும் நடுவுல வர்ற இதமான நாட்கள்தான் அது. பேச வேற விஷயம் இல்லாதவங்க பேசற பேச்சுன்னு இளசுங்க கிண்டலடிக்கிற வசனம். நானும் சிரிச்சவன்தான்.

இப்ப சிரிப்பு வரலை. 2022-ல என்னாச்சு? குளிர்காலத்துல ஆல்ப்ஸ் மலையில பனி பத்தலை, வசந்தத்துல மழை பத்தலை. கோடையில போ ஆறு மணல் திட்டாச்சு. ரிசொட்டோ அரிசி விளையற வயலெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. ஜூலை 3-ஆம் தேதி மார்மொலாதா மலையில பனிப்பாறை சரிஞ்சு 11 பேர் செத்துப் போனாங்க. மறுநாளே வடக்குல அஞ்சு மாநிலங்கள்ல வறட்சிக்காக அவசரநிலை.

நான் சொல்ல வர்றது இதுதான். பெருசுங்க புலம்பலைத் தேய்ஞ்ச வசனம்னு ஒதுக்கினது நம்ம தப்பு. வானிலை ஆராய்ச்சி எதுவும் படிக்காம, தோள்ல ஸ்வெட்டர் போட்டுக்கற நாள் குறையுதேன்னு கவனிச்சவங்க அவங்க.

பருவம்னா நிறுத்தம்னு அந்த மொழியே சொல்லுது. சின்ன ஸ்டேஷன்ல நிற்காம எக்ஸ்பிரஸ் போனா, பிளாட்பாரத்துல காத்திட்டிருக்கறவனுக்குத்தானே முதல்ல தெரியும்?