துறைமுகத்துக்கு எட்டாத சட்டம்

மதுரை செல்லூரில் ஒருவர், கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட கரைச் சேலையை விசைத்தறியில் ஓட்டினால் அது குற்றம். அமலாக்க அதிகாரி வருவார், தறியைப் பார்ப்பார், வழக்குப் போடுவார். போடட்டும், சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சேலை, அதே கரையோடு, கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டு விசைத்தறியில் நெய்யப்பட்டுத் தூத்துக்குடியில் வந்து இறங்கினால்? தீர்வையைக் கட்டினால் போதும். அந்தச் சட்டம் அதைத் தொடாது. உள்ளூரான் நெய்தால் குற்றம், அயலான் நெய்தால் வியாபாரம்! இந்த விந்தையைத்தான் இன்று நாட்டு மக்கள் முன்னே வைக்கிறோம்.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், ஏழை நெசவாளிக்குக் கிடைத்த வேலி. அதை எதிர்த்து வழக்காடிப் பார்த்தார்கள். 1993ல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 22 வகைத் துணிகள் இருந்த பட்டியல் 1996ல் 11 ஆகச் சுருங்கிற்று. சுருங்கினாலும் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் ஆகியவை அதில் நின்றன. ஆனால் அது உற்பத்தியைப் பற்றிய சட்டம். எந்தத் தறியில் நெய்யலாம் என்று சொல்லும். எந்தக் கப்பலில் வரலாம் என்று சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அன்று இல்லை. துறைமுகத்தில்தான் வேறொரு பூட்டுத் தொங்கியதே! கோட்டா என்றும் லைசென்ஸ் என்றும் பெயர் கொண்ட பூட்டு.

அந்தப் பூட்டு இரண்டு தவணையில் கழன்றது. 2000 ஏப்ரல் முதல் நாளில் 714 பொருள்களுக்கு, 2001 ஏப்ரல் முதல் நாளில் 715 பொருள்களுக்கு. இரண்டாம் தவணையின் 715ல் 342 ஜவுளிப் பொருள்கள்! ஏறத்தாழப் பாதி. விவசாயப் பொருள்கள் 147தான். எனவே அன்று திறந்தது பெரும்பாலும் துணிக்கடையின் கதவே.

அப்போது மத்திய வர்த்தக அமைச்சர் நம் முரசொலி மாறன். அதைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டித்தான் இந்தியா கோட்டா வைத்திருந்தது. கையிருப்புப் பெருகிவிட்டதே, இனிப் பூட்டு எதற்கு என்று அமெரிக்கா வழக்கிட்டது. 1999ல் ஜெனீவாவில் தீர்ப்பு நமக்கு எதிராயிற்று. தீர்ப்பைச் சுமந்தவர் மாறன். சுமந்தபோதும் சும்மா இருக்கவில்லை. 300 பொருள்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் இறக்குமதி திடீரென ஏறுகிறதா என்று கண்காணிக்கச் செயலாளர்கள் குழு ஒன்றை அமைத்தார். 2001 நவம்பரில் தோஹாவில் பணக்கார நாடுகளுக்கு எதிரே நின்று வாதாடியவரும் அவரே. அவருக்குப் பின் வந்தவர்கள் சட்டத்திலே விழுந்த ஓட்டையை அடைத்தார்களா என்பதே நம் கேள்வி.

திறந்த கதவே தர்மம் என்று நமக்குப் பாடம் நடத்தியவர்களின் யோக்கியதை என்ன? நம் அச்சுத் துணி தன் நாட்டுக்குள் நுழையக்கூடாதென்று 1700ல் சட்டம் போட்டது இங்கிலாந்து; 1721ல் அதை உடுத்தவே கூடாதென்று இன்னொரு சட்டம். அது பழங்கதை என்பார்கள். சரி, புதுக்கதைக்கு வருவோம். 1974 முதல் மேனாடுகள் ஏழை நாடுகளின் துணிக்குக் கோட்டா வைத்திருந்தன. 1995லிருந்து பத்தாண்டில் படிப்படியாக எடுப்போம் என்று கையெழுத்திட்டன. அந்தப் படிக்கட்டின் அழகைப் பாருங்கள்! 49 சதவீதத்தைக் கடைசிப் படிவரை, அதாவது 2005 ஜனவரி முதல் நாள்வரை, வைத்துக்கொள்ள ஒப்பந்தமே இடம் கொடுத்தது. நாம் 2001 ஏப்ரலில் திறந்தோம். அவர்கள் முழுதாகத் திறந்தது 45 மாதங்கள் கழித்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள்மீது 50 சதவீதம்வரை தீர்வை ஏற்றித் திருப்பூரைத் திணறடித்தபோது எந்தத் தர்மத்தைக் கேட்டது?

மதுரை இதைப் பேசாமல் வேறு எந்த ஊர் பேசும்? 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் காந்தியார் மேலாடையைக் களைந்து அரைத்துணி உடுத்தியது இந்த ஊரில். 1953ல் கைத்தறி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, கழகத்தார் துணி மூட்டையைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். இன்று செல்லூரிலும், கைத்தறி நகரிலும், பரமக்குடியிலும், அருப்புக்கோட்டையிலும் தறிக்குழிகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துவருகின்றன. நாடு முழுவதும் 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சமாயிருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20ல் 35 லட்சமாயினர்.

இதற்கு இறக்குமதிதான் முழுக் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். உள்ளூர் விசைத்தறியின் பங்கே பெரிது. நூல் விலையும் கூலிக் குறைவும் உண்டு. நகக் கண்ணால் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து எடுக்கும் சுங்குடிக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தது. அதே புள்ளிகளை அச்சடித்து வேறு பெயரில் விற்பவனை என்ன செய்ய? ஆனால் வீட்டுக்குள் திருட்டு இருக்கிறது என்பதற்காக வாசற்கதவைத் தாழிடாமல் விடுவார் உண்டா?

கோட்டாவை மீண்டும் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. அது முடிந்த வழக்கு. பஞ்சுக்கும் நூலுக்கும் தீர்வை கூட்டு என்றும் கேட்கவில்லை. 2025 ஆகஸ்டில் பஞ்சின் 11 சதவீதத் தீர்வையை ஆண்டுக் கடைசிவரை நீக்கியபோது ஆலைகள் மகிழ்ந்தன, திருமங்கலம் கரிசல் விவசாயி கலங்கினான். அது தனித்துப் பேசவேண்டிய பிரச்னை. மலிவுத் துணி உடுத்தும் ஏழையின் சட்டையைப் பிடித்திழுக்கும் எண்ணமும் நமக்கில்லை. கேட்பதெல்லாம் அந்த 11 வகைகளுக்கு மட்டும்.

வழி இல்லையென்று டில்லி சொல்ல முடியாது. 2025 பட்ஜெட்டில் ஒன்பது வகைப் பின்னல் துணிக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது தீர்வை என்று விதித்தார்களே! மலிவு விலை காட்டி உள்ளே நுழைகிறவனை நிறுத்தும் தீர்வை அது. பருத்திச் சேலைக்கும் லுங்கிக்கும் சுங்க அட்டவணையில் தனி எண்கள் உண்டு. கைத்தறிக்கு ஒதுக்கிய வகைக்கு மட்டும் தீர்வை விதிப்பது ஒரு அறிவிப்பில் முடியும் வேலை.

அத்துடன் இன்னொன்று. தீர்வை எவ்வளவு உயர்ந்தாலும், தீர்வையே இல்லை என்ற ஒப்பந்தம் அதை விழுங்கிவிடும். 2011ல் வங்கதேசப் பொருள்களில் 25 தவிர மற்றெல்லாவற்றுக்கும் டில்லி தீர்வையை நீக்கிற்று; அந்த 25ல் மதுவும் புகையிலையும் உண்டு, லுங்கி இல்லை! மதுவுக்குக் கிடைத்த விலக்கு நெசவாளிக்குக் கிடைக்கவில்லை. 2025 மே மாதத்தில், உறவு கசந்ததும், அதே நாட்டின் ஆயத்த ஆடைகள் இரண்டே துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம் என்று ஒரே நாளில் உத்தரவு பிறந்தது. இனி எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டாலும் ஒதுக்கீட்டுப் பட்டியலின் 11 வகைகளும் விலக்குப் பட்டியலில் ஏறவேண்டும்; போட்ட ஒப்பந்தங்களை மறுபரிசீலனைக்கு எடுக்கும்போதும் அதைச் சேர்க்கவேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி வர்த்தக அமைச்சரையும் ஜவுளி அமைச்சரையும் ஒருசேரக் கேட்க வேண்டியது இதைத்தான். ஒருவர் மற்றவரைக் கை காட்டித் தப்பும் பழக்கம் டில்லியில் உண்டென்பதால், ஒருசேர என்பதை அழுத்தியே சொல்கிறோம்.