உவரேறும் வயலுக்கு வடிகாலே முதல் மருந்து

வயல் உவர்ப்பட்டால் கடலையும் மழைக் குறைவையும் பழிப்பது வழக்கம். இவ்விரண்டுக்கும் பங்குண்டு. ஆயினும், நீர் பாய்ச்சுவோர் வடிகாலை மறந்துவிடுவதும் அவற்றுக்குக் குறையாத காரணமாகும்.

மழை மிகுந்த இரத்தினபுரி போன்ற பகுதிகளிற் பாறை சிதைந்து மண்ணாகும்போது, அதிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்பும் உப்புக்களும் நீரோடு கழுவுண்டு செல்கின்றன. ஆகவே அங்கு மண் புளிப்புத் தன்மை அடைகின்றது. மன்னார்ப் பகுதியின் நிலை இதற்கு மாறானது. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மட்டுமே. அதிலும் பெரும்பங்கு மாரியிற் பெய்துவிடும். பின்னர் மாதக்கணக்கில் வெயிலும் சோளகக் காற்றும் நிலத்தை உலர்த்துகின்றன. கரைந்த பொருள்கள் ஆழத்துக்குச் செல்லாமல் மண்ணிலேயே தங்குகின்றன. முருங்கன் கருமண்ணிற் காணப்படும் சுண்ணாம்புக் குறுணிகள் இதற்குச் சான்றாகும். அம்மண் மாரியிற் பொங்கி ஒட்டும்; கோடையிற் சுருங்கி வெடிக்கும். அதனூடே நீர் வடிவது மிக மெதுவாகவே நிகழும்.

இத்தகைய நிலத்தில் அளவுக்கு மிஞ்சி நீர் பாய்ச்சினால் நிலத்தடி நீர் மேலெழும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்நீர் மண்ணிடுக்குகளில் ஏறி ஆவியாகும். உப்போ மேற்பரப்பிலே வெள்ளை படிந்து நின்றுவிடும்.

“உவரைக் கழுவ இன்னும் நீர் விட வேண்டும்” என்பாருமுளர். கழுவிய நீர் வெளியேற வழியிருப்பின் அக்கூற்றுச் சரியே. வழியில்லையேல், அது நோய்க்கு உணவூட்டுவதாகும். வடிகால் வெட்டினால் நிலம் குறையும் என்று தயங்குவோரும் உளர். உவரால் இழக்கும் நிலத்தோடு ஒப்பிடின் அவ்விழப்புச் சிறிதே. ஆனால் ஒருவர் வயலின் வடிகால் அயலவர் வயலோடு முடிந்துவிடின் பயனில்லை. ஆகையால் வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்கும் கமக்காரர் கூட்டமே வடிகாலுக்கும் நாள் குறித்தல் வேண்டும்.

மரக்கறிச் செய்கையாளர் கிணற்று நீரின் உவர்த்தன்மையைப் பரிசோதித்தறிதல் நன்று. வெப்பமான வரண்ட நிலத்தில் உக்கல் விரைவில் அழியும். எனவே வைக்கோலை எரிக்காமற் பாத்திகளில் மூடாக்காக இடுதலும், எருவும் பசுந்தாட் பசளையும் ஆண்டுதோறும் சேர்த்தலும் வேண்டும். மூடாக்கு, நீர் ஆவியாவதைக் குறைத்து உப்பு மேலேறுவதையும் தடுக்கும்.

ஓர் அங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். அதனைக் கெடுக்கச் சில போகங்களே போதும். நீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு அளிக்கும் மதிப்பை நீர் கொண்டுபோகும் வடிகாலுக்கும் அளிப்பவரே தம் மக்களுக்கு வயலை வயலாக விட்டுச்செல்வர்.